விடியலில் சீட்டியடிப்பது யார்? சீகாரப் பூங்குருவியை அடையாளம் காணும் விதம்

கேள்வி சுருக்கமாக இது: வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட விடுதி, மே மாதம். இருட்டு விலகுமுன்பே யாரோ ஓர் ஆள் நிதானமாகச் சீட்டியடித்துக்கொண்டு நடப்பதுபோல் கேட்டது, வெளியே வந்து பார்த்தால் ஆளில்லை. வெளிச்சம் வந்தபின் ஓடைப் பாறையில் மைனா அளவில் ஒரு கரிய பறவை, தோளில் ஏதோ நீலம் மின்னியதுபோல் தெரிந்தது. கைபேசிப் படத்திலோ வெறும் கறுப்பு. நண்பர் ஒருவர் பிளாக்பேர்ட் என்கிறார், இன்னொருவர் சோலைபாடி என்கிறார். இணையத்தில் தேடினால் மஞ்சள் அலகுள்ள பறவையின் படம் வருகிறது. எது சரி, எப்படி உறுதி செய்வது, எந்த மாதிரி இடத்தில் தேடுவது?

நீங்கள் சொன்ன நான்கு குறிப்புகளும் (ஆள் சீட்டி, விடியலுக்கு முந்தைய நேரம், ஓடைப் பாறை, நீல மின்னல்) ஒரே பறவையைத்தான் காட்டுகின்றன: சீகாரப் பூங்குருவி. அறிவியல் பெயர் மையோஃபோனஸ் ஹார்ஸ்ஃபீல்டி. கேரளத்தில் இதைச் ‘சூளக்காக்கா’ என்கிறார்கள், அதாவது சீட்டியடிக்கும் காக்கை. மராத்தியில் ‘ஷீள்கரி கஸ்தூர்’, அதிலும் சீட்டிதான் முன்னே நிற்கிறது. ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் ‘சீட்டியடிக்கும் பள்ளிக்கூடப் பையன்’. மூன்று மொழிக்காரர்கள் ஒரு பறவைக்குக் குரலை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்றால் அதை இனங்காணவும் குரலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிறத்திலிருந்து தொடங்குகிறவர்கள் இந்தப் பறவையில் பெரும்பாலும் தடுமாறுவார்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் பாட்டு. பெரும்பாலான பறவைகளின் பாட்டில் ஒரு வாய்பாடு இருக்கும். குயில் அதே ‘கூ…ஊ’வை ஏற்றிக்கொண்டே போகும், அக்காக் குயில் ஒரே மூன்று சுரத்தை வெறிபிடித்ததுபோல் மேலே மேலே கொண்டுபோகும். சீகாரப் பூங்குருவிக்கு அந்த வாய்பாடே கிடையாது. சுத்தமான, மனிதச் சீட்டியைப் போன்ற சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேலே ஏறும், பாதியில் இறங்கும், ஒரு சுரத்தில் வழுக்கிக்கொண்டு நிற்கும், சற்று ஓய்ந்து வேறு எங்கிருந்தோ மறுபடி தொடங்கும். மறந்துபோன மெட்டை நினைவுக்குக் கொண்டுவர முயலும் ஒருவர் தனக்குத்தானே சீட்டியடிப்பது போலிருக்கும். அடுத்த சுரம் எது என்று உங்களால் ஊகிக்க முடிந்தால் அது இந்தப் பறவையாக இருக்க வாய்ப்புக் குறைவு. தாழ்ந்த கிளையிலிருந்தும் பாடும். மர உச்சியில் மட்டும் தேடி ஏமாறாதீர்கள்.

இதைத் தவிர அழைப்பு ஒன்று உண்டு, அதைப் பலர் பறவைக் குரலாகவே எடுத்துக்கொள்வதில்லை. ‘க்ரீ…ஈ’ என்று ஊசியால் குத்துவதுபோன்ற ஒற்றைக் கூர்ஒலி. ஓடையின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு வரும். பறவை நீரோட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குப் போகும்போது இதை எழுப்பும். ஓடும் நீரின் சத்தத்தில் கீழ்ச்சுருதிகள் மூழ்கிப்போகும், இவ்வளவு மெல்லிய மேல்சுருதி தப்பித்து வந்துவிடும். பாட்டு ஓய்ந்திருக்கும் குளிர் மாதங்களில் இந்தக் கூர்ஒலி ஒன்றுதான் அது அங்கே இருப்பதற்குத் துப்பு.

பாட்டு எப்போது கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனப்பெருக்கம் பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் பாட்டு உச்சத்துக்குப் போகும். மற்றப் பறவைகள் விழிக்குமுன்பே, சூரியன் உதிக்க அரை மணிக்கும் மேல் இருக்கும்போதே தொடங்கிவிடும். மே மாத அதிகாலை நல்ல நேரம்தான். இதே விடுதிக்கு டிசம்பரில் போய் ‘ஒன்றும் கேட்கவில்லை, பறவை போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அப்போது பறவை பெரும்பாலும் மௌனமாக அங்கேயே இருக்கும். சில பறவைகள் அடிவாரங்களுக்கு இறங்கி, கோடையில் காணக்கிடைக்காத இடங்களில்கூடத் தட்டுப்படும்.

இனி தோற்றம். நீளம் சுமார் 25 செ.மீ.; மைனா அளவு, ஆனால் கால் நீளம், நிமிர்ந்த நிற்கை. உடல் முழுக்க நீலம் கலந்த கறுப்பு. நெற்றியில் பளிச்சென்ற நீலப் பட்டை, தோளில் அதே நீலத்தில் ஒரு திட்டு. நெற்றிப் பட்டை அலகின் அடிவரை வருவதில்லை; அலகுக்கும் பட்டைக்கும் இடையே கறுப்பு இருக்கும். நல்ல படம் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். அலகு கறுப்பு, கால் கறுப்பு. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். இளம்பறவை பழுப்போடிய மங்கல் நிறத்தில், நெற்றிப் பட்டை இல்லாமல் இருக்கும். மழைக்காலத்தில் ‘நீலமே இல்லாத ஒன்று’ கண்ணில் பட்டால் அது வேறு இனம் என்று குழம்ப வேண்டாம், பக்கத்தில் பெற்றோர் நிற்கும்.

உங்கள் படத்தில் நீலம் ஏன் விழவில்லை? அந்த நீலம் சாயம் அல்ல. பறவைகளின் நீல நிறம் இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. ஒளி சரியான பக்கத்திலிருந்து விழுந்து உங்கள் கண்ணுக்குத் திரும்பினால்தான் தெரியும். அடர்ந்த மரநிழலில், அதுவும் பறவைக்குப் பின்னால் வெளுத்த நீரோ வானமோ இருந்தால், கறுப்பு மட்டுமே மிஞ்சும். கைபேசி மின்னும் நீருக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு பறவையை மேலும் இருட்டாக்கிவிடுகிறது. அடுத்த முறை வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு ஓடையின் கரையைத் தேர்ந்தெடுங்கள். திரையில் பறவையின்மேல் தொட்டு, வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். நீர் வெளுத்துப்போனால் போகட்டும். ஃபிளாஷ் வேண்டாம், பறவை மிரளும், நிறமும் பொய்யாக விழும். மேகமூட்டமான காலை எட்டு மணி, உச்சி வெயிலைவிட இந்தப் பறவைக்கு நல்லது.

நடத்தையும் கைகொடுக்கும். பாறையில் வந்து அமர்ந்ததும் வாலை விசிறிபோல் விரித்து மேலே தூக்கி, மெல்ல இறக்கும். பாறைமேல் நடப்பதைவிடத் தத்தித் தத்தித் தாவுவதே அதிகம். இரண்டு தாவல், சட்டென்று நிற்றல், தலையைச் சாய்த்து நீர்விளிம்பைப் பார்த்தல். தின்பது பூச்சி, மண்புழு, நத்தை, சிறு தவளை, நண்டு, கூடவே சிறு பழங்கள். நண்டு கிடைத்தால் அலகில் பிடித்துப் பாறையில் திரும்பத் திரும்ப அடிக்கும். கால்கள் கழன்று விழுந்தபின் உடலை விழுங்கும். ஒரே பாறையில் சிதறிய நண்டுக் கால்களும் வெள்ளை எச்சமும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். வால்பாறை ஓடைகளில் நீர்நாய் உண்டு. அதன் எச்சம் பொடிந்த நண்டோட்டுக் குவியலாக, மீன் நாற்றத்தோடு கிடக்கும். மீன்பிடி ஆந்தையும் நண்டு தின்னும். சீகாரப் பூங்குருவியின் பாறையில் ஓடு குவியலாக இருக்காது. தனித்தனிக் கால், கொடுக்கு என்று உலர்ந்து சிதறிக் கிடக்கும்.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்ன பெயர்கள். பிளாக்பேர்ட் எனப்படும் கறுப்புப் பூங்குருவி நம் மலைகளில் உண்டு, நன்றாகப் பாடவும் செய்யும். ஆகவே நண்பரின் ஊகம் தவறில்லாத இடத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அதன் அலகு ஆரஞ்சு மஞ்சள், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், காலும் மஞ்சளோடியது. மங்கலான படத்தில்கூட அலகின் மஞ்சள் தப்பாது. அது மர உச்சியில் உட்கார்ந்து காலையிலும் அந்தியிலும் பாடும். ஓடைப் பாறைமேல் ஆசை கிடையாது. சோலைபாடி என்றால் இன்னும் எளிது: ஆணின் வயிறு செம்பழுப்பு, இடுப்பு வெள்ளை, வால் உடலைவிட நீளம். மூங்கில் மண்டிய இலையுதிர் காடுகளின் தாழ்ந்த புதர்தான் அதன் இடம். பாட்டு வளமானது, வேகமானது. சீட்டியைவிடப் புல்லாங்குழலுக்கு நெருக்கம், நடுவில் பிற பறவைகளின் குரலும் கலக்கும்.

உண்மையில் ஏமாற்றக்கூடியது இவை இரண்டும் அல்ல, துடுப்புவால் கரிச்சான். அது கைதேர்ந்த போலிக்குரல்காரன். சீகாரப் பூங்குருவியின் சீட்டியையும் எடுத்துப் பாடிவிடும். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டால் குட்டு வெளிப்படும்: சீட்டிக்கு நடுவே ஒரு கழுகின் கூவல், ஒரு சிலம்பனின் சலசலப்பு, பிறகு அதற்கே உரிய உலோகத் தட்டல் என்று கலந்து வரும். சீகாரப் பூங்குருவி சீட்டியை விட்டு அப்படி அலைவதில்லை. பார்வையில் குழப்பக்கூடிய இன்னொன்று, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் நீலப் பாறைப் பூங்குருவி. அது சற்றுச் சிறியது, உடல் முழுக்க ஒரே மங்கிய நீலச்சாம்பல், திட்டுத்திட்டாக மின்னாது. திறந்த பாறை, அணைச் சுவர், கட்டட விளிம்புகளில் நிற்கும். கோடை முடியுமுன்பே திரும்பிப் போய்விடும் என்பதால் உங்கள் மே மாதப் பறவை அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

இணையத்தில் நீங்கள் பார்த்த மஞ்சள் அலகுக்காரன் இமயமலையின் நீலச் சீழ்க்கைப் பூங்குருவி. உறவினன்தான், ஆனால் 30 செ.மீ.க்கும் மேல் நீளம், உடம்பெங்கும் நட்சத்திரம் தூவினாற்போல் புள்ளிகள். தென்னிந்தியாவில் அதற்கு இடமில்லை. நம் பறவை மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க, வடக்கே குஜராத்தின் டாங் காடுகள் வரையும், அங்கிருந்து சாத்புரா மலைகளை ஒட்டி நடு இந்தியாவுக்குள்ளும், கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் இருக்கிறது. ராஜஸ்தானில் அபு மலையில் தனித்த ஒரு கூட்டம் உண்டு. இலங்கையில் இது கிடையாது. அங்கே மத்திய மலைநாட்டு ஓடைக்காடுகளில் வேறொரு சீழ்க்கைப் பூங்குருவி இருக்கிறது. அதில் பெண் பழுப்பு நிறம், உருவமும் சிறியது, பரப்பு மிகக் குறுகியது. அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. நுவரெலியாப் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்கள் மேலே சொன்ன பாட்டு விவரத்தை அப்படியே அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இனி வாழிடம், கேள்வியின் கனமான பகுதி. ‘காட்டுப் பறவை’ என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. காட்டுக்குள் நீரில்லாத மேட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இதைப் பார்க்க மாட்டீர்கள். அதேசமயம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் பின்புறம் ஓடும் கால்வாய்க் கல்லில் இது சாதாரணமாக வந்து நிற்கும். இதற்கு வேண்டியது நிழலும் பாறையும் ஓடும் நீரும் ஒரே இடத்தில். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இடம் காலி.

எனவே தேடும்போது முதலில் ஓடையைப் படியுங்கள். கோடையிலும் வற்றாமல் சிறிதாவது ஓடுகிறதா? நடுவில் ஆளுயரத்துக்கோ முழங்காலுயரத்துக்கோ உருண்டைப் பாறைகள் கிடக்கின்றனவா? இரு கரையிலும் மரம் கவிந்து, நடுப்பகலிலும் பாசி ஈரமாக இருக்கிறதா? கரை செங்குத்தாக ஓரிடத்திலாவது நீருக்கு மேலே ஏறி, இடுக்கும் விளிம்பும் கொண்டிருக்கிறதா? கடைசிக் கேள்வி கூட்டுக்காக. பாசி, வேர்நார் இவற்றால் ஆன கிண்ணக் கூட்டை இது ஓடைக் கரை இடுக்குகளில் வைக்கும். மழை வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு விளிம்பு கிடைக்காவிட்டால், மற்ற எல்லாம் இருந்தும் அங்கே குஞ்சு பொரிக்காது. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் வரை இந்த அமைப்புக் கிடைக்கும் இடமெல்லாம் தேடலாம். குற்றாலத்து அருவிகளுக்கு மேலே, மேகமலை, ஆனைமலை, குன்னூர்ச் சரிவுகள் என்று தமிழ்நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

வால்பாறை மேட்டில் நூறாண்டுக்கும் மேலாகத் தேயிலைதான். நடுநடுவே மழைக்காட்டுத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை இணைப்பது ஓடைக்கரை மரங்கள். அதனால் வரைபடத்தில் ஒரு துண்டுக் காட்டைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து வெளிவரும் ஓடையைத் தேயிலைக்குள் பின்தொடருங்கள். கரையில் பூர்வீக மரங்கள் தொடர்ச்சியாக நிற்கும் வரை பறவை வெளியே வரும். தேயிலையை நீர்விளிம்பு வரை நட்டிருக்கும் இடத்தில் பறவை நின்றுவிடும். நிழல் போனதும் பாறை காய்ந்துவிடுகிறது, இலைக்குப்பை சேர்வதில்லை, அதில் இருக்கும் புழுவும் பூச்சியும் இல்லாமல்போகின்றன, மழைக்கு மண் சரிந்து பாறை இடுக்குகளை அடைத்துவிடுவதால் நண்டுக்கும் ஒதுங்க இடமில்லை. ஏலக்காய், காப்பித் தோட்டங்களில் நிழல்மரம் விட்டிருப்பதால் நிலைமை இதைவிட நன்று. இன்றைக்கு இந்தப் பறவை அழியும் பட்டியலில் இல்லை; ஆனால் ஓர் ஓடையின் இரு கரையையும் வெட்டித் திறந்துவிட்டால் அந்த ஓடைக்கு அது இல்லாமல் போய்விடுகிறது. தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், ஓடைக்கரை மரங்களை மட்டுமாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்க்கப் போகும் முறை. இருட்டில் ஓடைக்கு இறங்காதீர்கள். வால்பாறையில் யானையும் சிறுத்தையும் நடக்கும் வழிகளும் அவைதான். விடுதி வாசலில் நின்று குரல் வரும் திசையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக விடிந்ததும், உள்ளூர்க்காரர் ஒருவருடன், காட்டுப்பகுதியாக இருந்தால் வனத்துறை அனுமதியுடன் போங்கள். ஓடையை ஒட்டி நடந்துகொண்டே தேடினால் பறவை உங்களுக்கு முன்னால் பாறைக்குப் பாறை தாவி விலகிக்கொண்டே போகும். கடைசியில் முதுகைத்தான் பார்ப்பீர்கள். எச்சம் படிந்த பாறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 20 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் அதன் சுற்றில் அந்தப் பாறைக்கு வந்துவிடும். மழைக்காலமென்றால் அட்டைக்கு முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் காலுறையின் இழை வழியே அட்டை நுழைந்துவிடும்.

ஒலிப்பதிவு படத்தைவிட உறுதியான சான்று. கைபேசியில் பதிவதாக இருந்தால் ஒலியைச் சுருக்காத ‘வேவ்’ வடிவில் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவு பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது. அந்தக் கூர்ஒலியை அது சிதைத்துவிடும். ஓடைக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு பாறைக்கோ தடித்த மரத்துக்கோ பின்னால் நின்றால் நீரிரைச்சல் பாதியாகக் குறையும். குறைந்தது மூன்று நிமிடம் தொடர்ந்து பதியுங்கள். கரிச்சானா என்று தெளிய அவ்வளவு வேண்டும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலி ஒரு பெயர் சொன்னால் அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, சீனோ-கான்ட்டோ ஒலிக்களஞ்சியத்தில் தென்னிந்தியப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். பதிவுசெய்த குரலைக் காட்டில் ஒலிபரப்பிப் பறவையை வரவழைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். இது இனப்பெருக்க காலம்; எல்லைக்குள் வேற்றாண் வந்துவிட்டதாக எண்ணி, கூட்டையும் இரையையும் விட்டு அது உங்களைச் சுற்றி அலையும்.

விடுதிக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பம்ப் அறை, பாலத்தின் அடிப்பகுதி, பழைய கட்டடத்தின் உத்தரம் இவற்றில் பாசிக் கூடு ஏதாவது ஒவ்வோராண்டும் வருகிறதா என்று. கட்டடங்களிலும் இது கூடு வைக்கும், அதே இடத்துக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் திரும்பி வருவதும் உண்டு. இடுவது 2 முதல் 4 முட்டை. இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் கலந்த நிறம், மேலே புள்ளி. பொரிக்க 16, 17 நாள் ஆகும். கூடு இருந்தால் அதன் அருகிலுள்ள விளக்கை அணைத்துவைக்கவும், பழைய கூட்டைச் சுத்தம் என்ற பெயரில் பிய்க்காமலிருக்கவும் சொல்லுங்கள். கூட்டின் படத்தையோ இடத்தையோ பொதுவெளியில் போட வேண்டாம். ஒருகாலத்தில் குஞ்சாக எடுத்து வளர்த்தால் மெட்டுக் கற்றுக்கொள்ளும் என்று இதைக் கூண்டில் வைத்தார்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அது குற்றம்.

பறவை பார்த்ததைப் பதியும் இணையத்தளமான ஈபேர்டில் பதியும்போது வெறும் பெயரோடு நிறுத்தாமல், பாட்டா கூர்ஒலியா, எத்தனை மணிக்கு, ஓடையின் அகலம் எவ்வளவு, கரையில் மரமா தேயிலையா என்று நான்கு வார்த்தை சேர்த்து எழுதுங்கள், ஒலிப்பதிவையும் இணையுங்கள். அடுத்த மே மாதம் அதே விடுதிக்குப் போகிறவர் எந்தப் பாறையைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.